ஒரே விபத்தில் இருவர்: சிகிச்சை மையத்தின் நிலையும் நோயாளியின் கதியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இவ்விரு மாவட்டங்களுக்கும் வாழ்வாதாரமாக இருப்பது போலவே, அவற்றின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஓயாத வேலையாகவும் இருக்கிறது. தங்க நாற்கரச் சாலையின் சென்னை–பெங்களூரு வழியும் வடக்கு–தெற்குப் பெருவழியும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. இரவும் பகலும் ஓடும் கனரக வாகனங்களுக்கு நடுவே, சர்வீஸ் சாலைகளிலிருந்து பால் கேன் கட்டிய இருசக்கர வாகனங்களும், மாங்காய் லோடு ஏற்றிய ‘குட்டி யானை’களும் நெடுஞ்சாலையில் ஏறி இறங்குகின்றன.

தருமபுரியில் 2008-லும் கிருஷ்ணகிரியில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்ட பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆயினும் மூளை அறுவை, ரத்தநாள அறுவை, ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை ஆகியவை எந்த நேரத்திலும் கிடைக்கும் இடத்தைத் தேடுவோர் இன்றும் தெற்கே சேலத்தையோ வடக்கே பெங்களூருவையோதான் நோக்குகின்றனர்.

காயச் சிகிச்சை மையங்களை நிலைகளாகப் பிரிக்கும் வழக்கத்துக்கு, அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி 1976-இல் வெளியிட்ட வரையறைகள் வழிவகுத்தன. நம் நாட்டின் நெடுஞ்சாலைக் காயச் சிகிச்சைத் திட்டமும் ஏறத்தாழ அதே ஏணியைப் பின்பற்றுகிறது. எல்லாச் சிறப்புத் துறைகளும் 24 மணி நேரமும் இயங்குவது முதல் நிலை. பொது அறுவை, எலும்பு அறுவை, மயக்கவியல், சி.டி. ஸ்கேன், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை உள்ளது இரண்டாம் நிலை. உயிரை நிலைப்படுத்தி மேலே அனுப்பிவைப்பது மூன்றாம் நிலையின் பணி. உபகரணங்களும் பயிற்சி பெற்ற பணியாளரும் உள்ள ஆம்புலன்ஸே நான்காம் நிலை. தமிழ்நாட்டில் ‘தாய்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம், இந்த ஏணியோடு சிவப்பு (உடனடி ஆபத்து), மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்), பச்சை (சிறு காயம்) என்ற தரம்பிரிப்பையும், நோயாளி வருமுன்பே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லும் ஏற்பாட்டையும் இணைத்தது.

இங்கே பதிவு செய்யப்படுவது, ஒரே விபத்தில் கடுமையாகக் காயமுற்ற இருவர் இந்த ஏணியில் வெவ்வேறு படிகளில் ஏற்றப்பட்டதன் வரலாறு. 108 சேவையின் பதிவுகள், மூன்று மருத்துவமனைகளின் சிகிச்சைத் தாள்கள், பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தின் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு இது தொகுக்கப்பட்டுள்ளது. நோயாளிகள், மருத்துவமனைகள், விபத்து நடந்த இடம் ஆகியவற்றின் அடையாளங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

விபத்தும் முதல் அரை மணி நேரமும்

மாங்காய் அறுவடை உச்சத்தில் இருந்த மே மாதத்தில், மாலை 5.40 மணியளவில், கூலியாட்களையும் மாங்காய்க் கூடைகளையும் சேர்த்து ஏற்றிவந்த சிறு சரக்கு வாகனம் ஒன்று சர்வீஸ் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் கவிழ்ந்தது. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அறுவடைக் காலத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மொத்தம் ஏழு பேர் காயமடைந்தனர். அருகிலிருந்த டீக்கடைக்காரர் 5.44-க்கு 108-ஐ அழைத்தார்.

முதல் ஆம்புலன்ஸ் 5.58-க்கு வந்தபோது, ஏறத்தாழ 30 வயதுப் பெண் ஒருவர் வாகனத்தின் பக்கப் பலகைக்கு அடியில் இடுப்பு நசுங்கிய நிலையில் மீட்கப்பட்டிருந்தார். வெளியே ரத்தம் எதுவும் தெரியவில்லை. நாடித்துடிப்பு 132, ரத்த அழுத்தம் 84/50, தோல் வெளுத்துக் குளிர்ந்திருந்தது. மருத்துவ டெக்னீஷியன் இடுப்பை அசைத்துப் பார்க்கவில்லை. ஒரு பெட்ஷீட்டை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் அல்லாமல், தொடை எலும்பின் மேல்முனை புடைத்துத் தெரியும் மட்டத்தில் சுற்றி இறுக்கி முறுக்கிக் கட்டினார். முழங்கால்களையும் பாதங்களையும் உள்நோக்கித் திருப்பிச் சேர்த்துக் கட்டினார். சற்றே மேலே கட்டியிருந்தால் அந்தக் கட்டு வயிற்றைத்தான் இறுக்கியிருக்கும். விரிந்துபோன இடுப்பு வளையத்தை மூடியிருக்காது. அன்றைய மாலையின் மிக மலிவான சிகிச்சை இதுதான். மிகப் பயனுள்ளதும் இதுவே என்பது எம் கருத்து.

இரண்டாமவர் 40 வயதைக் கடந்த ஆண். வாகனத்தின் பின்தட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு, வலது பொட்டில் அடிபட்டு, சில நிமிடங்கள் நினைவிழந்து பின் எழுந்து உட்கார்ந்திருந்தார். “அண்ணனுக்கு ஒண்ணும் இல்லைங்க சார், பேசிக்கிட்டுத்தான் இருக்காரு, தண்ணிகூடக் கேட்டாரு” என்று அவருடைய தம்பி சொன்னது 108 பதிவில் உள்ளது. நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் அவருக்கு 15-க்கு 14 கிடைத்தது. எனவே அவர் மஞ்சள் எனக் குறிக்கப்பட்டு, சிறு காயமுற்ற மற்றவர்களோடு இரண்டாவது ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தார்.

எங்கே கொண்டுசெல்வது?

சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு தாலுகா மருத்துவமனை இருந்தது. அதுவே மூன்றாம் நிலை. அரை மணி நேரப் பயணத்தில் இரண்டாம் நிலை மருத்துவமனை. அதையும் தாண்டி ஒன்றேகால் மணி நேரம் சென்றால் முதல் நிலை.

பெண்ணின் ஆம்புலன்ஸில் இருந்த டெக்னீஷியன், 108 மையத்தின் மருத்துவரோடு தொலைபேசியில் பேசி, தாலுகா மருத்துவமனையைத் தாண்டிச் சென்றுவிட முடிவெடுத்தார். இது துணிவான முடிவு. அழுத்தம் 84-இல் இருக்கும் நோயாளியை ஏற்றிக்கொண்டு திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையின் வாசலைக் கடந்து செல்ல யாருக்கும் கை நடுங்கும். ஆனால் அங்கே ரத்தமும் இல்லை, அறுவை அரங்கை அந்நேரத்தில் இயக்க ஆளும் இல்லை. உள்ளே ஒழுகும் ரத்தத்தை ட்ரிப்ஸ் ஏற்றி நிறுத்த முடியாது என்பதே அவர்கள் கருதிய காரணம். புறப்பட்ட உடனேயே இரண்டாம் நிலை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரடியாகத் தொலைபேசியில் சொல்லப்பட்டது: சிவப்பு, இடுப்பு எலும்பு முறிவு, ரத்த இழப்பால் அதிர்ச்சி நிலை, 30 நிமிடம்.

இரண்டாவது ஆம்புலன்ஸ் 6.20-க்குப் புறப்பட்டு, தலையில் அடிபட்டவரையும் மற்ற ஐவரையும் 6.35-க்குத் தாலுகா மருத்துவமனையில் சேர்த்தது. ‘அருகிலுள்ள ஆஸ்பத்திரி’ என்ற பழைய வழக்கமே இங்கே செயல்பட்டது. ஓடும் வாகனத்திலிருந்து வெளியே எறியப்படுதல், நாடித்துடிப்பும் அழுத்தமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நோயாளியை உயர்நிலை மையத்துக்குக் கொண்டுசெல்லப் போதுமான காரணம் என்று தரம்பிரிப்பு வழிகாட்டிகள் கூறுகின்றன. அன்றைய படிவத்தில் அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

பெண்ணுக்கு நடந்தது

6.40-க்கு அவர் வந்து சேர்ந்தபோது பொது அறுவை மருத்துவர், எலும்பு அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் மூவரும் சிவப்புப் பகுதியில் நின்றிருந்தனர். ரத்த வங்கியிலிருந்து ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பை வந்திருந்தது. கருவுறும் வயதிலுள்ள பெண் என்பதால் நெகட்டிவ் கேட்கப்பட்டது.

முதல் பத்து நிமிடங்களில், ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் செலுத்தப்பட்டது. தொடர்ந்து 8 மணி நேரத்துக்கு மேலும் 1 கிராம். இம்மருந்தின் பயன் 40 நாடுகளில் 20,211 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2010-இல் வெளியானது: இறப்பு 16.0 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைந்தது. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் இந்தப் பயன். அதன்பின் கொடுத்தால் தீங்கு நேரலாம். விலை குறைந்த, எந்த நிலை மருத்துவமனையிலும் வைத்திருக்கக்கூடிய மருந்து இது.

படுக்கையிலேயே எடுத்த அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் வயிற்றுக்குள் குறிப்பிடத்தக்க ரத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் இடுப்பு வளையம் முன்புறம் திறந்த புத்தகம் போல் விரிந்திருந்தது. இப்போது இரண்டு வழிகள் இருந்தன. முதல் நிலை மையத்துக்கு அனுப்பினால் ரத்தக்குழாய்க்குள் குழல் செலுத்தி ஒழுகும் தமனியை அடைக்க முடியும். அந்த வசதி இங்கே இல்லை. ஆனால் ஒன்றேகால் மணி நேரப் பயணத்தை அவர் தாங்குவாரா? அறுவை மருத்துவர் சி.டி. ஸ்கேனையும் தவிர்த்து நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லத் தீர்மானித்தார். இடுப்பு முறிவில் பெரும்பாலான கசிவு சிரைகளிலிருந்தும் முறிந்த எலும்பு முனைகளிலிருந்தும் வருவது. அதை வளையத்தை மூடியும் துணித் திணிப்பாலும் கட்டுப்படுத்தலாம் என்பதே அவர் சொன்ன காரணம். 7.10-க்குத் தொடங்கி, வெளிப்புறக் கம்பிச் சட்டம் பொருத்தி, வயிற்று உறைக்கு வெளியே இடுப்புக் குழிக்குள் துணி திணித்து முடித்தனர். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு ஆகியவை ஏறத்தாழச் சம விகிதத்தில் ஏற்றப்பட்டன. கசிவு நிற்கும் வரை மேல் அழுத்தம் 90-ஐ ஒட்டியே வைக்கப்பட்டது. மறுநாள், நிலையான அழுத்தத்துடன், வென்டிலேட்டர் வசதியுள்ள ஆம்புலன்ஸில் முதல் நிலை மையத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே திணிப்பு நீக்கப்பட்டு எலும்புகள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டன.

ஆணுக்கு நடந்தது

தாலுகா மருத்துவமனையில் அன்று மாலை பணியில் இருந்தவர்கள் ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும். ஒரே நேரத்தில் ஆறு பேர் வந்திறங்கினர். உடைந்த கைகள், கிழிந்த தோல், அழும் உறவினர், போலீஸ் இன்டிமேஷன், ஆறு பேருக்கும் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டுப் பதிவு. தலையில் அடிபட்டவருக்குக் காயம் தைக்கப்பட்டு, டி.டி. ஊசி போடப்பட்டு, மண்டை எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பது அனைவருக்கும் ஆறுதல் அளித்தது. மண்டை ஓட்டுக்குள் ரத்தம் சேர்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டாது. எக்ஸ்ரே எடுத்ததில் கழிந்த நேரத்தைவிட, அது தந்த பொய்யான நிம்மதியே அதிகக் கேடு செய்தது.

6.45 மணிக்குச் செவிலியர் எழுதிய ஒரு வரி பின்னர் ஆய்வுக் கூட்டத்தில் பலமுறை வாசிக்கப்பட்டது: “பெயர், ஊர் சரியாகச் சொல்கிறார். ‘லோடு ஏத்தியாச்சா’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒருமுறை வாந்தி.” ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் வாந்தியும், நினைவிழந்து மீண்டவரிடம், சி.டி. ஸ்கேன் தேவை என்பதற்குப் போதிய அடையாளங்கள். செவிலியர் கவனித்தார், எழுதினார். எழுதியது யாரையும் எட்டுவதற்கான ஏற்பாடு இல்லை.

7.10 அளவில் அவர் குறட்டை விடத் தொடங்கினார். களைப்பில் தூங்குகிறார் என்று உறவினர் விசிறிவிட்டுக் கொண்டிருந்தனர். 7.25-க்கு எழுப்ப முயன்றபோது எழவில்லை. 7.35-க்கு கிளாஸ்கோ மதிப்பு 8; வலது கண்மணி விரிந்து ஒளிக்கு அசையவில்லை; நாடித்துடிப்பு 54; அழுத்தம் 170/90. மூளை அழுத்தம் எல்லை மீறும்போது நாடி இறங்கி அழுத்தம் ஏறும் என்ற பாடப்புத்தக நிலை அப்படியே கண்முன் நின்றது.

உறவினர் நேராகப் பெங்களூருவுக்குக் கொண்டுசெல்ல விரும்பினர். பணி மருத்துவர் அதை மறுத்து இரண்டாம் நிலைக்கே அனுப்பினார். சுவாசக் குழாய் செலுத்தப்படாத, நினைவற்ற நோயாளியை இரண்டு மணி நேரம் சாலையில் கொண்டுசெல்வது ஆபத்து என்ற அவருடைய கணிப்பு சரியானது; அதில் எமக்கு ஐயமில்லை. 8.00-க்குப் புறப்பட்டு 8.35-க்கு வந்தவருக்குக் குழாய் செலுத்தப்பட்டு, மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் கொடுக்கப்பட்டு, 8.55-க்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே பெரிய ரத்தக்கட்டு; மூளை இடப்புறம் தள்ளப்பட்டிருந்தது. இத்தகைய கட்டு 30 மில்லிலிட்டரைத் தாண்டினால் நினைவுநிலை எதுவாயினும் அகற்ற வேண்டும் என்பது வழிகாட்டி. இவருடையது அதைவிடப் பெரிது. அந்த இரவு மூளை அறுவை மருத்துவர் பணியில் இல்லை. அனுப்புவதற்கான அழைப்புகளிலும் தாள்களிலும் மேலும் நேரம் கழிந்தது. 9.35-க்குப் புறப்பாடு, 10.50-க்கு முதல் நிலை மையம், 11.30-க்கு அறுவை. விபத்திலிருந்து 5 மணி 50 நிமிடம்; கண்மணி விரிந்ததிலிருந்து ஏறத்தாழ 4 மணி நேரம்.

விளைவு

இருவரும் உயிர் பிழைத்தனர். பெண் மூன்றாம் மாதம் வாக்கர் உதவியோடு நடந்தார். ஆறாம் மாதத்தில் துணையின்றி நடந்து புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ஆணுக்கு இடது கையில் வலுவின்மையும் பேச்சில் தயக்கமும் தங்கிவிட்டன. மரமேறிக் காய் பறிப்பவர் இனி மரமேற முடியாது. தோட்டக் காவலுக்குப் போகிறார் என்று தம்பி தெரிவித்தார். இருவருக்கும் கணக்கிடப்பட்ட காயத் தீவிர மதிப்பு, கடுங்காயம் என்று கொள்ளப்படும் 15 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது.

‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்றது. 2021 டிசம்பரில் 1 லட்சம் ரூபாய் வரம்புடன் தொடங்கி, பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்ட இத்திட்டம், மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், எந்த ஊரினராயினும் பொருந்தும். பெங்களூருக்குத்தான் போகவேண்டும் என்று நின்ற உறவினர் மனம் மாறியதில் இந்தத் தகவலுக்கும் பங்குண்டு.

ஆய்வும் கருத்தும்

உயர்நிலை மையங்கள் உயிர் காக்கின்றனவா என்ற கேள்விக்கு வலுவான விடை 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலிருந்து கிடைத்தது. 14 மாநிலங்களில், 18 முதல் நிலை மையங்களையும் காயச் சிகிச்சை மையங்கள் அல்லாத 51 மருத்துவமனைகளையும் ஒப்பிட்டபோது, மருத்துவமனைக்குள் இறப்பு முறையே 7.6 விழுக்காடு, 9.5 விழுக்காடு என வேறுபட்டது; ஓராண்டில் 10.4, 13.8. இந்தப் பயன் 55 வயதுக்குட்பட்டவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சிக்கலான இடுப்பு முறிவு உள்ளிட்ட குறிப்பிட்ட சில கடுங்காயங்களில் மட்டும் முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில் இறப்பு 25.3, 29.3 விழுக்காடு, கடும் ஊனமும் முதல் நிலையில் குறைவு.

இந்த எண்களைப் படித்துவிட்டு ‘எல்லோரையும் முதல் நிலைக்கே கொண்டுபோவோம்’ என்று முடிவு செய்தால் நம் மாவட்டங்களில் மரணங்கள் கூடும். ஹெலிகாப்டரும் பயிற்சி பெற்ற பணியாளரும் வந்து ஏற்றிச் செல்லும் நாட்டின் எண்கள் அவை. அந்தப் பெண்ணை நேராக முதல் நிலைக்குக் கொண்டுசென்றிருந்தால் 6.08-க்குப் புறப்பட்டவர் எட்டு மணிக்குச் சற்று முன்னர்தான் சேர்ந்திருப்பார். அங்கே காத்திருந்த கருவிகளுக்கு அவர் உயிரோடு போயிருப்பார் என்று உறுதி கூற முடியாது. ஆணை நேராகக் கொண்டுசென்றிருந்தாலும், 7.25-க்கு நினைவு தவறும்போது வாகனம் நெடுஞ்சாலையில் இருந்திருக்கும். சுவாசக் குழாய் செலுத்தக்கூடியவர் உள்ளே இருந்திருக்க மாட்டார். ஆனால் அவரும் 6.20-க்குப் புறப்பட்டு நேராக இரண்டாம் நிலைக்கு வந்திருந்தால், ஏழு மணி வாக்கில், பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேன் முடிந்திருக்கும்; நினைவு தவறுமுன்பே மேல்நிலைக்கான அழைப்பு போயிருக்கும்; அறுவை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முந்தியிருக்கும்.

எனவே எமது கருத்து இது: கடுங்காயமுற்றவருக்கு நம் சாலைகளில் தாண்ட வேண்டிய படி மூன்றாம் நிலை, தாண்டக் கூடாத படி இரண்டாம் நிலை. இரண்டு நோயாளிகளைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. தலைக்காயமும் இடுப்புக் காயமும் ஒப்பிடத்தக்கவையும் அல்ல. ரத்தக் கசிவில் அழுத்தத்தைத் தாழ்வாக விட்டுவைப்பது பயன். தலைக்காயத்தில் மேல் அழுத்தம் 110-க்குக் கீழே இறங்கினாலே மூளைக்குக் கேடு. ஆனால் கால இழப்பு எங்கெங்கே நேர்ந்தது என்பதை இவ்விரு பாதைகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

மாற்றப்பட்டவையும் மாறாதவையும்

தரம்பிரிப்புப் படிவத்தில் விபத்து நடந்த விதத்துக்கென்று தனிக் கட்டங்கள் சேர்க்கப்பட்டன: வாகனத்திலிருந்து எறியப்பட்டவர், நினைவிழந்து மீண்டவர், வாந்தி எடுத்தவர் ஆகியோர் பேசினாலும் நடந்தாலும் சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கே செல்வர். இதனால் தேவையற்றோரும் சிலர் வந்து சேர்வர் என்று இரண்டாம் நிலை மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் கடுங்காயமுற்றவர்களுள் 100-க்கு 5 பேருக்கு மேல் கீழ்நிலையில் தங்கிவிடக் கூடாது என்றால், 25 முதல் 35 விழுக்காடு மிகைத் தரம்பிரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரியின் அளவுகோலும்.

தாலுகா மருத்துவமனைகளில் தலைக்காயத்துக்கு மண்டை எக்ஸ்ரே நிறுத்தப்பட்டது. சிவப்பு நோயாளி வந்தால், அனுப்பும்போது அல்ல, வந்தவுடனேயே இரண்டாம் நிலைக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ‘வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாயிற்று’ என்பது தகவல் சொன்னதாகாது. மறுமுனையில் ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏ.ஆர். பதிவும் போலீஸ் இன்டிமேஷனும் நோயாளி புறப்பட்ட பிறகும் எழுதலாம் என்று எழுத்து மூலம் தெளிவுபடுத்தப்பட்டது. பல இளம் மருத்துவர்கள் இதை அதுவரை நம்பவில்லை.

மூளை அறுவை மருத்துவர் இல்லாத இரவுகள் மட்டும் மாறவில்லை. அத்தகைய இரவுகளின் பட்டியல் மாலை 5 மணிக்குள் 108 மையத்துக்குத் தரப்படுகிறது. ஸ்கேன் படம் எடுத்தவுடனேயே முதல் நிலை மையத்தின் மருத்துவருக்கு அனுப்பப்பட்டு, தாள்கள் முடியுமுன் ஆம்புலன்ஸ் புறப்படுகிறது. பொது அறுவை மருத்துவர்களுக்கு அவசர நிலையில் மண்டை ஓட்டைத் திறந்து ரத்தக்கட்டை அகற்றப் பயிற்சி தரலாம் என்ற யோசனையும் கூட்டத்தில் எழுந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே செய்யும் கை அதில் தேர்ச்சியைத் தக்கவைக்குமா என்று மூத்த மருத்துவர் ஒருவர் கேட்டதோடு அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.